இடப்பக்கக் கண்ணாடி

புத்தூர்
பங்குனி 14

அன்புள்ள மகன் சிவகரனுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று நினைத்தபடி அப்பா எழுதுகிறேன். நான் இருக்கிறேன். என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். பாலேஸ்வரி அத்தைக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, எனக்குச் சமைத்துப் போட்டபடி நாள் முழுதும் புறுபுறுக்கிறா. வெங்காயம் நன்றாக விளைந்தும் விலை இல்லை. உன் மாமா அம்மாவின் எட்டாம் நாள் செலவோடு போனவர், இன்னும் படலை தாண்டவில்லை, நானும் கூப்பிடவில்லை.

எழுத வந்தது காரைப் பற்றி. அந்த ஐப்பசி மழை விபத்தில் இடப்பக்கக் கதவு நெளிந்தபின் இரண்டு வருடமாகக் கொட்டிலில் மூடிக் கிடந்ததை விற்றுவிட நினைத்து, போன கிழமை பற்றறி மாற்றி, றேடியேற்றருக்கு வழக்கம்போல எங்கள் கிணற்றுத் தண்ணீர் விட்டு ஸ்ராட் செய்தேன். பத்து நிமிடத்தில் உள்ளே ஓர் இனித்த மணம் எழுந்தது. முன்கண்ணாடியில் புகார் பனிமூட்டம்போலப் படர்ந்தது, இடப்பக்கத்தில் மட்டும் நான்கு விரல்கள் இழுத்த கோடுகள் தெரிந்தன. காருக்குள் நான் தனியே இருந்தேன். என்ஜினை நிறுத்தினேன், காய்ந்ததும் கோடுகள் மறைந்தன. மறுநாளும் அதே நான்கு கோடு, அதே இடம். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணை, சின்ன விரல் தள்ளி நிக்குது பாருங்கோ, அது அண்ணியின்ரை கை" என்றா. அரிவாள் வெட்டியபின் அம்மாவுக்கு அந்த விரல் மடங்காது என்பது உனக்குத் தெரியும். அத்தை கற்பூரம் கொளுத்திவிட்டுப் போனவதான், கொட்டில் பக்கம் திரும்பவில்லை.

பேயை நம்புகிறவன் இல்லை நான். குருநகரிலிருந்து மெக்கானிக் எமில்ராஜை வரவழைத்தேன். காருக்கடியில் ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை, ஆனால் றேடியேற்றரில் தண்ணீர் இறங்கியிருந்தது. அவன் இடப்பக்க விரிப்புக்குள் கைவிட்டு மணந்து பார்த்து, "சேர், இது மழைத்தண்ணி இல்லை" என்றான். றேடியேற்றர் வாயை அடைத்துக் காற்றை அமுக்கியபோது டாஷ்போட்டுக்குள் சீறியது. குளிர் நாட்டுக்குச் செய்த கார், உள்ளே சூடாக்க ஒரு சின்ன றேடியேற்றர், கீற்றர் என்பது, இருக்கிறது. அதன் குழாய்த் திருகு எப்போதோ திறந்தபடி இறுகியிருக்கிறது. அந்தக் கீற்றரைக் கழற்றி எடுத்தால் சுண்ணாம்பு பிடித்து உக்கிப் போயிருந்தது. அதில் கசிகிற கூலன்ற், என்ஜினைக் குளிர்விக்க விடுகிற அந்த இனித்த மணத் திரவம்தான், ஆவியாகிக் கண்ணாடியில் பிசினாக ஒட்டுமாம், கை பட்ட தடம் கழுவும்வரை நிற்குமாம். "துடைக்கத் துடைக்க மொத்தமாகும் சேர். அந்த மழையிலை ஆர் ஓடியிருந்தாலும் றோட்டுத் தெரிஞ்சிராது." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

ஏனென்றால் விபத்துக்கு முந்திய வருடமே அவன் என்னிடம் சொல்லியிருந்தான், கூலன்ற் விட்ட றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் கலக்காதையுங்கோ, உந்தக் கீற்றரைக் கழற்றிக் குழாயை நேரே இணைத்து விடுவம் என்று. என் அப்பாவின் காரில் ஓர் ஆணியும் கழற்றக் கூடாது, எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு என்ன குறை என்று அவனைத் திருப்பி அனுப்பினவன் நான். காலடி ஈரமாகிறது என்று அம்மா மூன்று தரம் சொன்னா. மழை என்று சொல்லிக் கண்ணாடி றப்பரை மாற்றினேன்.

எட்டுச் செலவன்று சனத்துக்கு நடுவில் நின்று, போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டித் தாயைக் கொன்றவன் என்று உன்னைச் சொன்னேன். "கண்ணாடி மூடிப்போச்சப்பா, அம்மா துடைச்சுத் துடைச்சு விட்டவ" என்றாய். பொய் என்றேன். நீ சொன்னது உண்மை. மாமா அன்று உன் பக்கம் நின்றார், அதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை, ஆனாலும் அவரிடமும் போய்ச் சொல்லத்தான் வேண்டும்.

குழாயை இணைத்தாயிற்று, இப்போது ஒழுக்கு இல்லை. எமில்ராஜ் கண்ணாடி கழுவச் சவர்க்காரத் தண்ணீரோடு வந்தான், அவன் கையிலிருந்து துணியை வாங்கி வைத்துக்கொண்டேன். காரை விற்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் காருக்குள் இனித்த மணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. சித்திரா பௌர்ணமிக்குக் கீரிமலையில் அம்மாவுக்கு நீ செய்ய வேண்டிய கடமை இரண்டு வருடமாகக் கிடக்கிறது. வருவதானால் காரை நீதான் ஓட்ட வேண்டும். நான் இடப்பக்கம் இருந்து வருகிறேன். அதுவரை கண்ணாடியைக் கழுவ மாட்டேன்.

நகுலேஸ்வரர் உன்னைக் காக்கட்டும். வராவிட்டாலும் ஒரு வரி எழுது.

உன் அப்பா
சுதாகரன்