கோரஸ் அழக்கூடாது

ஏதென்ஸ், 4 மார்ச் 1978

ஹரிக்லியாவுக்கு,

நலமா என்று கேட்கும் உரிமை விவாகரத்தோடு போயிற்று. உன் படத்துக்காக அந்தப் பழைய கிரேக்கத் துன்ப நாடகத்தை மொழிபெயர்த்தவன் என்ற முறையில் மட்டும் எழுதுகிறேன். ஆட்சேபங்கள் மூன்று:

1. கொலையைத் திரையில் காட்டுகிறாய். நம் முன்னோர் அதை மேடைக்கு வெளியே வைத்தார்கள். தூதன் வந்து சொல்வான்.
2. அரசனை மோட்டார் சைக்கிளில் ஏற்றியிருக்கிறாய்.
3. நாடகத்தின் கூட்டுக்குரலான கோரஸாகத் தெற்கே மானிப் பக்கத்துக் கிழவிகளை ஒப்பாரி வைக்கச் சொல்லப் போகிறாயாம். கோரஸ் நின்று யோசிக்கிற கூட்டம். மாரடிக்கிற கூட்டம் அல்ல.

இரண்டாவதில் நான் கொஞ்சம் பழைய ஆளாக இருக்கலாம். மூன்றாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காட்சியை நீக்காவிட்டால் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெறுவேன்.

திமோலேயோன்

மானி, 15 மார்ச்

பேராசிரியர் அவர்களுக்கு,

எண் போட்டுச் சண்டை பிடிக்க உங்களால்தான் முடியும். திரும்பப் பெறுங்கள். என் கடைசிப் படம் பாதியில் நிற்கட்டும். உங்களுக்கும் பொழுது போகும்.

கிழவிகள் பாட மறுத்துவிட்டார்கள். சவப்பெட்டியில் கிடந்த நடிகனைக் காட்டி, அவர்களில் மூத்தவள் ஸ்தமாதா கத்தினாள்: "ஏம்மா டைரக்டரு, இவன் வயிறு ஏறி எறங்குது! உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வெச்சா அவன் குடும்பம் வெளங்குமா?"

"சும்மா நடிப்புதாம்மா."

"நடிச்சு அழ உங்க ஊர்க்காரிங்களக் கூட்டியா. ஒடம்பு கெடைக்காத சாவு ஏதாச்சும் இருந்தா துணியக் கொண்டா, பாடுறோம்."

நடிகனை எழுப்பிவிட்டு, ஸ்த்ராதிஸின் கோட்டு ஒன்றைச் சவப்பெட்டியில் வைத்தேன். நம் மகனைக் கடல் கொண்டுபோய் ஒன்பது வருடம். உடம்பில்லாமல் என்ன ஒப்பாரி, மூடத்தனம் என்று அன்று தடுத்தவர் நீங்கள். இவர்கள் அவன் வயதைக் கேட்டார்கள், கப்பலின் பெயரைக் கேட்டார்கள், பாடினார்கள்.

அதைப் படம்பிடித்த சுருள் ஏதென்ஸ் எடிட்டிங் அறையில் இருக்கிறது. பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள், வெட்டுகிறேன்.

ஹரிக்லியா

ஏதென்ஸ், 27 மார்ச்

ஹரிக்லியா,

பார்த்தேன். கொலைக் காட்சி அருவருப்பாகவே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் அபத்தம். என் மகனின் கோட்டை என்னைக் கேட்காமல் ஊருக்குக் காட்ட நினைத்ததை நான் மன்னிக்கவில்லை. என் பெயரைப் போடாதே. மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்.

ஸ்தமாதா ஓரிடத்தில் கேட்கிறாள்: "ஆத்தா அழுது ஓஞ்சுட்டா, அப்பன் எங்கேடா ராசா?" எடிட்டரிடம் அதை மறுபடி ஓட்டச் சொன்னேன். பிறகும் சொன்னேன். அவர் விளக்கைப் போட வந்தார், வேண்டாம் என்றேன்.

அந்த வரியை வெட்டாதே. மூன்றாவது ஆட்சேபம் தவறு.

திமோலேயோன்