பத்து நிமிடம்

அக்கா,

உன் முதல் திதிக்காக இன்று காலை மாசாயில் உன் வீட்டுச் சமையலறை அலமாரியை ஒழித்தேன். பின்வரிசையில் உன் சோளமாவு டப்பா. மாவில் புழு வைத்திருந்தது. கரண்டி உள்ளேயே கிடந்தது.

உன் மகள் மலருக்கு அப்போது எட்டு வயது. கணையத்தில் ஒரு கட்டி. அது அளவுக்கு மேல் இன்சுலின் சுரந்து அவள் இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருந்தது. அறுவைச் சிகிச்சை நாள் வரும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு அல்லது தண்ணீரில் கரைத்த வேகாத சோளமாவு, விரலில் குத்திச் சோதனை. தூங்கினாலும் எழுப்பச் சொன்னார் டாக்டர். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் நேரமும் எண்ணும் எழுதி வந்தாய். முப்பது வருடம் நிருபராக இருந்த நான் அவ்வளவு சுத்தமான குறிப்பு எழுதியதில்லை.

சிகிச்சை நல்லபடி முடியப் பால்குடம் நேர்ந்துகொண்டோம். பால்குடத்தன்று எல்லோரும் வெறும் வயிறு. மலருக்கு மட்டும் ஏழு மணிக்கு ஊட்டிவிட்டுக் கிளப்பினாய். கோயிலில் வரிசை நகரவில்லை. ஒன்பது மணிக்கு டப்பாவைத் திறந்தாய்.

"பால் ஊத்தறதுக்கு முன்னாடியேவா? அலமாக், ஐயோ, புள்ளைக்கு என்ன லா அவசரம்?" என்றார் நம் அத்தை.

"சாமி கோச்சுக்காது அத்த. இவ சக்கரதான் கோச்சுக்கும்."

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "பத்து நிமிஷம்தானேக்கா, ஊத்திட்டுக் குடு" என்றேன். யார் பேச்சையும் கேட்காத நீ, நான் சொன்னதற்காக மூடினாய்.

பத்து நிமிடம் நாற்பது ஆனது. "அம்மா, வெளக்கு ரெண்டா தெரியுது" என்றாள் மலர். நீ திரும்புவதற்குள் அவள் குடம் விழுந்தது. கொட்டிய பாலில் அவள் கைகால்கள் இழுத்துக்கொண்டன. மீட்டரில் 1.4, நாலுக்குக் கீழே இறங்கக் கூடாத எண். பல் கிட்டியிருந்தது, எதையும் கொடுக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றும்வரை வலிப்பு நிற்கவில்லை.

கட்டியை எடுத்தார்கள். சர்க்கரை அதன்பின் இறங்கவில்லை. ஆனால் அந்த வலிப்போடு அவள் வாசிக்கும் திறன் போனது, வலது கையின் அசைவு போனது. இரண்டும் திரும்பவில்லை.

அந்த நோட்டு என் பையில் இருக்கிறது. அன்றைய பக்கத்தில் ஒன்பது மணிக்கு எதிரே ஒரு கோடு மட்டும். ஏன் என்று நீ எழுதவில்லை. சாகும்வரை என்னிடம் சொல்லிக்காட்டவும் இல்லை.

இன்று உனக்கு இலை போட்டோம். காக்கை வரவில்லை.

"மாமா, பசிக்குது" என்றாள் மலர். பத்தொன்பது வயது.

"இரும்மா, அம்மாவுக்குப் படைச்சு முடியட்டும். பத்து நிமிஷம்" என்றார் அத்தை.

உன் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்து அவள் இடது கையில் வைத்தேன்.