பனியில் ஆட்டிய சிவப்புக் கொடி

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று காலை பள்ளிக்கூடத்துப் பியூன் தேசப்படத்தின் கிழிசலை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினான். அந்த வாடை வகுப்புக்குள் வந்ததும் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன். காமாலையில் நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சீனப் போர் முடிந்த கையோடு ஊர் ஆட்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி ஆரம்பித்தார்களே, அந்த மார்கழி. திண்டிவனத்துக்கு வெளியே, பாறைக்குன்றின் அடிவாரம். விழுப்புரம் ரயில் ஷெட்டிலிருந்து ஃபயர்மேன் நீ வருவாய். உள்ளூர் வாத்தியார் நான். பட்டாளத்தில் கழித்துப்போட்ட பழைய ‘த்ரீ நாட் த்ரீ’ ரைபிள். பனியில் அதன் இரும்பைப் பிடித்தால் விரல் மரத்துவிடும். சுட்டால் தோளில் எருமை முட்டியதுபோல் இருக்கும். அந்த உதைக்குப் பயந்து நான் முன்கூட்டியே கண்ணை மூடிக்கொள்வேன். கரி அள்ளிப் பழகிய தோளோடு நீ அசையாமல் படுத்திருப்பாய்.

மதராஸ் துப்பாக்கிப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று என் ஐந்து குண்டில் ஒன்றுகூட குறி அட்டையில் படவில்லை. எல்லோர் முன்னாலும் நீ கேட்டாய்:

"இன்னா வாத்தியாரே, குண்டு ஒலக்கூர் ஸ்டேஷனத் தாண்டிப் போய்க்கினு இருக்கும். தந்தி அடிச்சு நிறுத்தச் சொல்லட்டுமா?"

வரிசையே சிரித்தது. என்னிடம் படிக்கும் பையன் ஒருவனின் தகப்பனும் அதில் இருந்தான். நீ செத்த பிறகும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

அடுத்துச் சுட வேண்டியவன் நீ. உன் குறி அட்டைக்குக் கீழே, பள்ளத்தில் நிற்கும் முறை என்னுடையது. ஒவ்வொரு குண்டுக்கும் அட்டையை இறக்கி, ஓட்டையின் மேல் பசை தடவிக் காகிதம் ஒட்டி, பட்ட இடத்தைக் கம்பால் காட்ட வேண்டும். படாவிட்டால் சிவப்புக் கொடி. இருநூறு கஜத்துக்கு அப்பால், பனிக்குள் படுத்திருந்த உனக்குக் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியும், ஓட்டை தெரியாது. நான் காட்டுவதை நம்புவதைத் தவிர உனக்கு வேறு வழியில்லை.

உன் ஐந்து குண்டும் வட்டத்துக்குள்தான் விழுந்தன. மூன்றுக்குக் காகிதத்தை ஒட்டிவிட்டுக் கொடியை ஆட்டினேன். டீ குடிக்கும்போது உண்மையைச் சொல்லி உன்னைக் கேலி செய்யலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாய். "கை ஆடல வாத்தியாரே. கண்ணுதான் ஏமாத்துது" என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

மதராஸுக்கு வேறொருவன் போனான். அது போகட்டும். டிரைவர் பதவிக்குக் கூப்பிட்டும் நீ போகவில்லை என்று பிறகொரு நாள் விழுப்புரம் பிளாட்பாரத்தில் சொன்னாய்.

"ரயில்வே டாக்டர்தான் கண் நல்லா இருக்குன்னாரே?" என்றேன்.

"டாக்டர் ரூம்ல பனி பெய்யுதா? மூணு குண்டு தப்புச்சே, நீதானே கொடி காட்டுன? சிக்னலத் தப்பாப் பாத்தா பின்னால ஒரு வண்டி ஜனம் கீது, வாத்தியாரே."

அங்கேயாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த வருடம் ஹெட்மாஸ்டர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. கெட்ட பெயருக்குப் பயந்தேன். அந்தப் பதவியையும் எனக்குக் கொடுக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல் வேறு. நீ கடைசிவரை கரிதான் அள்ளினாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் பெரிய மகன் என் இலைக்கு வடை வைத்துக்கொண்டே சொன்னான்: "ஷெட்ல ஆள் எடுக்கிறாங்க சார். அப்பாதான் வாணாம்னுட்டாரு. நம்ம வம்சத்துக்கே கண்ணு சரியில்லடான்னு சொல்லிக்கினே இருப்பாருங்க. திங்கக்கிழமையோட மனு வாங்கறது முடியுது."

நான் குனிந்து வடையைத் தின்றேன்.

உனக்கு எழுதிய இதை அவன் பெயருக்கு அனுப்பப் போகிறேன். கூடவே ஒரு காகிதத்தில் கறுப்பு வட்டம் வரைந்து, உன் ஐந்து குண்டும் பட்ட இடங்களில் புள்ளி வைத்திருக்கிறேன். ஆறு வருடத்தில் ஒரு புள்ளிகூட எனக்கு மறக்கவில்லை. படித்ததும் எழுதியவன் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடும். வந்து கேட்டால் மறுக்க மாட்டேன். ஆனால் அவன் கையில் கிடைக்கப்போகும் இந்தக் காகிதத்தில் என் பெயரை எழுத நான்கு முறை பேனாவை வைத்தும் முடியவில்லை. வருகிற திங்கட்கிழமைக்குள் அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.