“நீ பாத்தியா?” என்று கேட்ட மதினிக்கு

என் பிரியமான மதினி,

சனிக்கிழமை எனக்கு மறுபடியும் இங்கிலீஷ் தேர்வு. மூன்றாவது தடவை. இதிலும் தோற்றால், அயர்லாந்தில் எனக்கென்று வைத்திருக்கிற நர்ஸ் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்களாம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த படிப்பு. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது, நான் இன்னும் அதே பாடத்தில் நிற்கிறேன். பயமாக இருக்கிறது மதினி. யாரிடம் சொல்ல? உங்கள் பேரை எடுத்தாலே அண்ணன் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

இலஞ்சியிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் படிப்போமே, நினைவிருக்கிறதா? ஒருநாள், குற்றால அருவி சிரிக்கிறது என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டினேன். உயிரில்லாததை மனுசர் மாதிரி எழுதினால் மார்க் விழும் என்று யூடியூபில் ஒருத்தர் சொல்லியிருந்தார்.

“ஏட்டி செல்வி, அருவி சிரிச்சத நீ பாத்தியா?”

“இல்லியே மதினி.”

“பின்ன என்னத்துக்கு எழுதுத? சீசன்ல போயி நின்னா அது முதுகுல சாத்துது. அத எழுது.”

மரபுத்தொடருக்கும் அதே சட்டம்தான் வைத்தீர்கள். கொட்டுகிற மழைக்குச் சொல்கிற ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸை’ நான் சாரலுக்குச் சொல்லிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டச் சொல்லி, அது நனைகிறதா பார் என்று இரண்டு ஸ்டாப் வரைக்கும் விடவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்போது பங்குனி வெயில். மெயின் அருவியில் பாறைதான் தெரிகிறது.

உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் வாங்கியது நான். ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. சில வாரம்தான் என்றார் டாக்டர். அவளிடம் சொல்லிவிடாதே என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் கட்டில் பக்கம் வந்ததும் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

“மறைக்காம சொல்லு. எங்கூரு திருவேங்கடத்துல எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கா. அவளால இங்கன வர முடியாது. நான் இப்பவே போய்ப் பாத்துரணுமா, இல்ல சீசன் முடிஞ்சு போலாமா?”

நான் என்ன சொன்னேன்? “ஒங்க நோய்க்கே அலுத்துப் போச்சு மதினி. மூட்ட முடிச்சக் கட்டிட்டு கெளம்புது. நீங்க மெதுவா போலாம்.”

“ரிப்போர்ட்ட நீ பாத்தியாட்டி?”

“பாத்தேன்.”

பார்த்தது உண்மை. பார்த்ததைச் சொல்லவில்லை. பஸ்ஸில் நீங்கள் போட்ட சட்டத்தை நான் மீற மாட்டேன் என்று நம்பி, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டீர்கள். பதினெட்டாம் நாள் எல்லாம் முடிந்துபோயிற்று. உங்கள் அம்மாவை நீங்கள் பார்க்கவே இல்லை.

போன பேச்சுத் தேர்வில், நர்ஸாகப் பேசிக்காட்டச் சொல்லி எனக்கு வந்த அட்டையில் என்ன இருந்தது தெரியுமா? சிகிச்சை பலிக்கவில்லை என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். நோயாளியாக நடித்த தேர்வாளர், “எனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்கள். எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது. ‘தி பால் இஸ் இன் காட்ஸ் கோர்ட்’ என்று உளறினேன். முடிவு இனி உன் கையில் என்பதற்குச் சொல்கிற தொடரைக் கொண்டுபோய்க் கடவுள் தலையில் கட்டிவிட்டேன். அதோடு அந்தத் தேர்வும் போயிற்று. இப்போதும் கண்ணாடி முன்னால் நின்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன், அந்த இடம் வந்ததும் மறுபடியும் கடவுளைத்தான் இழுக்கிறேன். நான் என்ன செய்ய மதினி?

உங்கள் அம்மா போனில் கேட்கிறார்கள். “எம் மவளுக்கு எம்மேல என்ன கோவம் தாயி? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருக்கலாம்லா?” திடீரென்று ஆகிவிட்டது அத்தை என்று மழுப்பி வைத்துவிடுகிறேன். ஏழு மாதமாக உங்களைப் பெற்றவளிடம் உங்களைக் கல்நெஞ்சக்காரியாக்கி வைத்திருக்கிறேன். இதை எப்படிப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

நாளைக்கு வெள்ளிக்கிழமை. லீவு போட்டுவிட்டேன், திருவேங்கடம் போகிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் உனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது என்று அண்ணன் ஏசினான். ஏசட்டும்.

உங்கள்மேல் சத்தியம் மதினி, ஒரு அலங்காரமும் போட மாட்டேன். “ஒங்க மவ வரணும்னுதான் கேட்டா. ரிப்போர்ட்டு எங்கையில இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். அதான் அவ வரல.” இவ்வளவுதான் சொல்வேன். இது வாயில் வந்துவிட்டால் சனிக்கிழமை இங்கிலீஷும் வரலாம். வராவிட்டால் வேலை போகட்டும்.

அத்தை என்னை ஏசலாம், பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். அந்த ரிப்போர்ட்டை நீ பாத்தியா என்று கேட்டால், பார்த்தேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பேன்.

உங்களை அம்மாவிடம் போகவிடாத நாத்தனார்,
செல்வி