மொட்டைமாடிச் சாவி கேட்காமல் பிடித்த வீடு

ஜவ்வாது மலை,
வைகாசி மாதம்.

அன்பு மகள் காவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை தேவயானி மூவரும் சுகம், ஐதராபாத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பா எப்போது கீழே வருகிறார் என்று நீ போன வாரம் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லலாம் என்றால் சிக்னலுக்காகப் பள்ளிக்கூட மேட்டுக்குப் போகும்போது அப்பாவும் கூடவே வந்து நிற்கிறார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது. அதனால்தான் சாமை மாவுப் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன்.

மலைக்குக் கீழே கலசப்பாக்கத்தில் வீடு பிடித்தாகிவிட்டது. எனக்கு அங்கே பள்ளிக்கூட வேலை கிடைத்ததும் நீ சந்தோஷப்பட்டாய், ஆனால் இங்கிருந்து பஸ்ஸை நம்பி எத்தனை நாள் போக முடியும், வராத நாளெல்லாம் சம்பளப் பிடித்தம்தானே, தேவயானியும் பதினொன்றாம் வகுப்புக்கு அங்கேதான் சேருகிறாள். ஆனி பிறந்துவிட்டால் வீடு மாறக்கூடாது என்பார்கள், அதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் அலைந்து அலைந்து கடைசியில் நம் கைக்கு எட்டியது மாடியில் ஒரு போர்ஷன், இரண்டு அறை, சின்னச் சமையலறை, தெருப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் பால்கனி. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்தேன், தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்தேன், மழைக்கு ஒழுகிய கறை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். மொட்டைமாடியை மட்டும் கேட்கவில்லை. நம் வீட்டில் காய வைக்க வேண்டும் என்றால் வாசலுக்குப் போனால் போதும், அதற்குப் போய் ஒருவரிடம் சாவி கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, காவியா. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கேட்டேன். வீட்டுக்காரம்மா சுந்தரம்மாள் நல்ல மாதிரிதான், ஆனாலும் மாடிச் சாவி மட்டும் தரமாட்டாராம், "ஒருத்தருக்குக் குடுத்தா அத்தினி பேரும் வத்தல் வடகம்னு வந்து நிப்பாங்கம்மா, மேல டேங்க் இருக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இது என்ன பெரிய விஷயம் என்று நீ நினைக்கலாம். அரிசி, புளி வாங்குகிற செலவு இல்லை, நம் சாமையும் புளியும் இருக்கின்றன என்று கணக்குப் போட்டுத்தானே அந்த வாடகைக்கே ஒப்புக்கொண்டேன். சாமையை நல்ல வெயிலில் போட்டு எடுக்காமல் மெஷினுக்குக் கொண்டுபோனால் நொய்யாகிப் பாதி உமியோடு போய்விடும் என்று உனக்குத் தெரியாதா. அதைவிட, நான் வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "வெயில் வராத வூட்டுக்கு இன்னாத்துக்கும்மே வாடகை?" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "நீங்க ரெண்டு பேரும் போய் இருங்க, நான் இங்கியே காய வெச்சு மூட்டை கட்டி அனுப்பிட்றேன்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மலையை விட்டு இறங்காமல் இருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவருக்கு நானே என் கையால் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கார்த்திகையில் அவருக்குச் சர்க்கரை இறங்கிக் கொல்லையில் மயங்கிக் கிடந்தபோது வெயில் ஏறும்வரை யாருக்கும் தெரியவில்லையே, அப்பாவை இனிமேல் தனியாக விடாதே அம்மா என்று நீதானே அழுதாய். இங்கே அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் அங்கே எந்தப் பிள்ளைக்கு என்ன பாடம் நடத்துவேன், நீயே சொல்.

ஒருபக்கம் மூட்டை கட்டுகிற வேலை நடக்கிறது. அட்டைப்பெட்டி வாங்கவில்லை, பாத்திரங்களைப் பழைய புடவைகளில் சுற்றிச் சாக்கில் போட்டுவிட்டேன். வண்டிக்குத் தனியாகக் கொடுக்க முடியாது, கடைசிப் புளிமூட்டை ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரிக்கார விஜயராஜ் அண்ணன் தன் வண்டியில் மூட்டைக்கு மேலே நம் சாமான்களையும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், "புதுவூட்ல எல்லாம் புளிப்பு வாசன அடிச்சா என்னைத் திட்டக்கூடாது" என்று இப்போதே சொல்லிவிட்டார். கட்டில் அந்தப் படியில் திரும்பாது, உரல் கீழ்வீட்டார் தலையில் இடிக்கும், இரண்டும் இங்கேயே இருக்கட்டும். உன் நர்ஸிங் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டேன். என்னுடையதையும் தேவயானியுடையதையும் கட்டி முடித்தாகிவிட்டது, அப்பாவின் போர்வையும் மாத்திரை டப்பாவும் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நானும் எடுத்து வைக்கவில்லை, அவரும் எடுத்து வைக்கவில்லை, கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன சந்தைக்குப் புளி விற்கப் போகிறேன் என்று இறங்கினவர் இருட்டின பிறகுதான் வந்தார், பையில் முடிச்சுப் போட்ட ஒரு கயிறு இருந்தது. மறுநாள் கொல்லையோர மூங்கிலை வெட்டிக்கொண்டு வந்து பிளந்து தட்டி பின்ன ஆரம்பித்துவிட்டார், பின்னுகிறபோது நடுநடுவே அந்தக் கயிற்றை வைத்து வைத்து அளந்து பார்க்கிறார். எதற்கு என்று கேட்டேன். "பால்கனிக்கும்மே. காலைல இருந்து நின்னு பாத்தேன், கம்பிக்கு வெளிய மத்தியானம் வரைக்கும் நல்லா வெயில் வருது. தட்டிய வெளிய நீட்டிக் கட்டிட்டா ரெண்டு மரக்கா சாமை காயும். அந்தம்மாகூட செரின்னுட்டாங்க" என்றார். ஆனால் அந்தத் தட்டி அவரும் வந்து உட்கார்ந்து காய வைப்பதற்கா, அல்லது எங்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு அவர் மேலேயே இருந்துவிடுவதற்கா என்று யோசித்து யோசித்துத் தூக்கமே இல்லை.

நீ ஒன்று செய். இது கிடைத்ததும் அப்பா மேட்டுக்கு வருகிற சாயங்கால நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. எப்போது கீழே வருவீங்க என்று கேட்காதே, கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். தட்டி எப்படிப் பின்னுறீங்க, யார் தினமும் எடுத்து உள்ளே வைப்பாங்க என்று மட்டும் கேள். சாமையோடு அந்தத் தட்டியைக் கம்பி தாண்டி உள்ளே தூக்க எங்கள் இரண்டு பேராலும் முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, மாவில் கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் குடி. எங்களுக்கு அனுப்புகிறேன் என்று உன் செலவைக் குறைத்துக்கொள்ளாதே. எந்த ஊரில் எந்த மாடியில் இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ரேணுகாதேவி

மறந்துவிடாதே, அவர் பேசி முடித்ததும் மாத்திரை டப்பாவை எந்த மூட்டையில் வைத்தீங்க என்று கேள். இன்னும் வைக்கவில்லை என்று நான் எழுதியதாகச் சொல்லாதே.