சாக்பீஸ் கோடு

செவ்வாய், இரவு

இன்று திருவெறும்பூர் பட்டறையில் எல்லார் முன்னாலும் மானேஜர் கேட்டார்: "ஏம்மா, இது உனக்குத் தோணலையா?" ஸ்ரீரங்கம் வந்து இறங்கும்வரை பஸ்ஸில் அதே கேள்விதான் காதில்.

பாய்லர் குழாய்களை வரிசையாக வெல்டிங் செய்து சுவர் போல நிறுத்தியிருந்தார்கள். முன்னால் இரண்டு கேமரா. இரண்டு படத்திலும் ஒரே இடத்தைத் தேடிப் பொருத்தித்தான், கேமராக்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று என் புரோகிராம் கணக்கிடும். குழாய்களோ எல்லாம் ஒரே மாதிரி. ஒரு படத்தின் நாலாவது குழாயை மற்றதன் ஐந்தாவதோடு சேர்த்துவிட்டது. நேராக நின்ற கேமரா திரும்பி நிற்பதாகத் திரையில் வந்தது. பிழை மிகக் குறைவு என்று புரோகிராமுக்குப் பெருமை வேறு. பார்க்க வந்த வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள்.

வெல்டர் செல்வம் அண்ணன்தான் மானேஜரிடம் சொன்னார்: "எல்லாம் ஒண்ணு போல இருந்தா அது என்ன பண்ணும் சார்? ஒரு குழாய்ல சாக்பீஸால கோடு போட்டு விடுங்க." போட்டோம். உடனே சரியாக வந்தது. மானேஜர் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பித்தான் அந்தக் கேள்வி.

அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. வாயைத் திறக்காமல் நின்ற என் மேல்தான்.

போன வாரம் அதே குழாயில் நான் கோடு போட்டிருந்தேன். "ஆளுங்க வர்ற நேரத்துல என்னம்மா இது கிறுக்கல்? அழிச்சிடு" என்றார் இதே மானேஜர். அழித்தேன், என் துப்பட்டா முனையால்.