சபாநாயகர் வழியாக

மார்ச் 3
அவையிலிருந்து, மதியம்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பத்தடி தள்ளி எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அவை ஊழியரிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். எழுந்து வந்து பேசலாம்தான். ஆனால் நேற்று உங்களை நோக்கிக் கைநீட்டிப் பேசியதற்குச் சபாநாயகர் என்னை வறுத்தெடுத்ததை நீங்களே ரசித்துப் பார்த்தீர்கள். "எதிர்ல இருக்கறவங்களைப் பார்த்துப் பேசாதீங்க, எதுவா இருந்தாலும் என் வழியா பேசுங்க" என்று எத்தனை முறை சொல்லிவிட்டார்! நீங்கள் சொன்ன புள்ளிவிவரத்தைப் "பச்சைப் பொய்" என்றதையும் திரும்பப் பெறச் சொன்னார். பெற்றுக்கொண்டேன். நீங்கள் விதிப்புத்தகத்தை விரித்து, நான் மீறிய விதியின் எண்ணைச் சொன்னபோது எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் சிரிப்பு வந்தது.

விஷயம் அதுவல்ல. உங்கள் மருமகள், என் பாப்பாவைப் பற்றி. எட்டாம் மாதம் நடக்கிறது. கால் வீங்கியிருக்கிறது, தலைவலி விடவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்து சொன்னார். என்னிடம் கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா, சும்மா பதறாதீங்க" என்கிறாள். அவள் அம்மா போன பிறகு இந்தப் பெண் எந்த வலியையும் என்னிடம் சொன்னதே இல்லை. மாப்பிள்ளை கப்பலில். கரைக்கு வர இன்னும் ஆறு வாரம். நீங்கள் போய் அவளோடு இருக்க முடியுமா? உங்களிடம் சொல்வாள்.

பதினான்காம் தேதி வாக்கெடுப்பு இருக்கிறது, அதைவிட்டு எப்படி வருவது என்பீர்கள். நான் உங்களுக்கு ஜோடி நிற்கிறேன். நீங்கள் அங்கே இருக்கும்வரை நானும் இங்கே வாக்களிக்க மாட்டேன். உங்கள் பக்கம் ஒன்று குறைந்தால் எங்கள் பக்கமும் ஒன்று குறையும்.

உங்களிடம் திட்டு வாங்கியே பழகிய,
சம்பந்தி


மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

முதலில் ஓர் ஒழுங்குப் பிரச்சினை. "பச்சைப் பொய்"யைத் திரும்பப் பெற்றீர்கள். நீட்டிய கையைத் திரும்பப் பெறவில்லை. பரவாயில்லை, விட்டுவிடுகிறேன்.

நாளைக் காலை கிளம்புகிறேன். என் மருமகளுக்காக நீங்கள் என்னிடம் கெஞ்ச வேண்டியதில்லை. அவள் எனக்கும் பெண்தான்.

வாக்கெடுப்பை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. உங்கள் கட்சி கொண்டுவரும் இந்த விதித்திருத்தம் நிறைவேறினால், ஓர் உறுப்பினரைக் கூட்டத்தொடர் முழுக்க வெளியே உட்கார வைக்கச் சபாநாயகர் ஒருவர் நினைத்தால் போதும். இப்போது போல அவையின் வாக்கு தேவையில்லை. கேட்கிற வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அந்த அவையில் நான் செய்ததெல்லாம் கேள்வி கேட்டது ஒன்றுதான். உங்கள் மனசுக்கும் இது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த விதி வந்தால் ஆளுங்கட்சியாக இருந்தாலும் முதலில் வெளியே போவது நீங்கள்தான்.

நீங்கள் சொன்ன ஜோடி ஏற்பாட்டை விதிப்புத்தகத்தில் தேடினேன். எங்குமே இல்லை. கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, மீறினால் தண்டனையும் கிடையாது. இந்த வயதில் நமக்கு ஜோடி என்று பெயர் வேறு! இரண்டு கட்சிக் கொறடாக்களிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் கொறடா, "அவரையா நம்பறீங்க? வாரத்துக்கு ரெண்டு தடவை அவைக் காவலர் தூக்கிட்டுப் போற ஆளு" என்றார். நம்புகிறேன் என்றேன்.

அன்புடன்,
சம்பந்தியம்மா


மார்ச் 9
மருத்துவமனை

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் பதறுவீர்கள் என்பதால் கடைசியில் எழுத நினைத்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்று அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டேன். ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. கண்முன் பூச்சி பறக்கிறதென்றாள். அதை அவளாகச் சொல்லவில்லை. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தவளை மிரட்டித்தான் பதிலை வாங்கினேன்.

டாக்டரம்மா இளவயசு, ஆனால் தெளிவானவர். "இன்னும் ஒரு வாரம் தள்ளினா குழந்தைக்கு நல்லது. அழுத்தம் ஏறிட்டா அம்மாவுக்காக உடனே எடுத்தாகணும். அப்ப கையெழுத்துப் போட குடும்பத்துல ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும்" என்றார். இருக்கிறேன் என்றேன்.

இரண்டாம் மாடி, கடைசி அறை. ஜன்னல் பாதிதான் திறக்கும். கட்டில் பக்கத்து மேஜையில் மாத்திரை, தண்ணீர்ச் செம்பு, என் விதிப்புத்தகம். தூக்கம் வரவில்லை என்றால் வாசித்துக் காட்டச் சொல்கிறாள். மூன்றாம் விதிக்குள் கண்ணை மூடிவிடுகிறாள். இதற்காவது பயன்படுகிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, உங்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றாள். சத்தியத்தை மீறிவிட்டேன்.

சம்பந்தியம்மா


மார்ச் 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். நூற்று அறுபது என்ற எண் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவையில் என் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. "இன்னைக்கு உறுப்பினர் அமைதியா இருக்காரே, உடம்பு சரியில்லையா?" என்று சபாநாயகரே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கே நிலைமை மோசம். எங்கள் உறுப்பினர் ஒருவர் முந்தாநாள் கட்சியைவிட்டுப் போய்விட்டார். நீங்களும் நானும் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சரிசமம். அப்போது சபாநாயகர் தன் ஓட்டைப் போட வேண்டும். எங்களுக்குத்தான் போடுவார், ஆனால் கொறடாவுக்கு அதில் நிம்மதி இல்லை. நேற்று என் வீட்டுக்கே வந்து, "ஜோடியாவது கீடியாவது, அந்தம்மா எங்கயோ ஆஸ்பத்திரில இருக்காங்க, நீங்க வந்து ஓட்டைப் போட்டுட்டுப் போங்க" என்றார். முடியாது என்றேன். அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

என்னை அந்த அவையில் ரவுடி என்றிருக்கிறார்கள், கோமாளி என்றிருக்கிறார்கள். பாதியை நீக்கிவிட்டார்கள், மீதி அவைக்குறிப்பில் இன்னும் இருக்கிறது. சொன்ன சொல் தவறியவன் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

வாக்கெடுப்பு அன்றைக்கு இங்கே உட்கார்ந்து மணிச் சத்தம் கேட்க என்னால் ஆகாது. பதினான்காம் தேதி காலையிலேயே காரில் கிளம்பி, பதினொன்றரைக்குள் அங்கே வந்துவிடுவேன். பாப்பாவிடம் சொல்லுங்கள். இதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்குள் கிடைத்துவிடும்.

சம்பந்தி


மார்ச் 14
மருத்துவமனை, மாலை

சம்பந்தியம்மாவுக்கு,

பெண் குழந்தை. பன்னிரண்டு ஐம்பதுக்கு எடுத்தார்கள். ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பாப்பாவுக்கு இன்னும் நினைவு முழுதாகத் திரும்பவில்லை. பிழைத்துவிடுவாள் என்கிறார்கள்.

நான் பதினொன்றே முக்காலுக்கு வந்தேன். கட்டிலில் வலிப்பு வந்து கிடந்தாள். நர்ஸ் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். "யாராவது கையெழுத்துப் போடுங்க" என்று டாக்டர் கத்திக்கொண்டிருந்தார். அவசரத்தில் முதல் தாளைக் கிழித்துவிட்டேன். உங்களைத் தேடினேன். ஏதோ மருந்து வாங்கப் போயிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். அறுவை அறை வாசலில் காவல்காரர் ரேடியோ வைத்திருந்தார். விதித்திருத்தம் ஒரு வாக்கில் தோற்றது, எதிர்க்கட்சியின் மூத்த பெண் உறுப்பினர் கடைசி நிமிடத்தில் அவைக்குள் நுழைந்தார் என்று அதில் சொன்னார்கள்.



பாப்பாவின் அப்பா


மார்ச் 18

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

என் கடிதத்தைக் கிழித்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.

பதிமூன்றாம் தேதி சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. அதே நேரம் எங்கள் கொறடாவும் போன் செய்தார். "ஒரே ஒரு ஓட்டும்மா. ஜோடிங்கறது விதியிலேயே இல்லையே, நீங்கதான் விதின்னா உயிரை விடுவீங்களே" என்றார். அன்றைக்கு அவளுக்கு அழுத்தம் நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். நீங்கள் பதினொன்றரைக்கு வந்துவிடுவீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதியிருந்தீர்கள். அவள் தனியாக இருக்கப்போவது இரண்டு மூன்று மணி நேரம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நீங்கள் அவையில் இருக்க மாட்டீர்கள் என்பதும் அந்தக் கடிதத்தால்தான் எனக்கு உறுதியானது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாதி வழியில் பெட்ரோல் பங்கு தாண்டி உங்கள் கார் எதிரே வந்தது. ஓட்டுநர் பக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிதல்தான் இப்போது என்னைத் தின்கிறது. தப்பில்லை என்று நிஜமாகவே நினைத்திருந்தால் எதற்குக் குனிந்தேன்?

நீங்கள் என்னோடு பேசி வைத்துக்கொண்டு வேண்டுமென்றே வெளியூர் போனதாக உங்கள் கட்சி உங்களை நீக்கிவிட்டது என்று பேப்பரில் பார்த்தேன். சொன்ன சொல் தவறியது நான், பழி உங்களுக்கு. நேற்று அவையில் சொந்த விளக்கம் கொடுக்க அனுமதி கேட்டு எழுந்தேன். "எதிர்வரிசை உறுப்பினர் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். நான்தான் அவரை ஏமாற்றினேன்" என்று சொன்னேன். என் பக்கத்தில் ஒருவரும் மேஜையைத் தட்டவில்லை. சபாநாயகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "ஜோடி என்ற ஏற்பாடு விதிகளில் இல்லை. இல்லாத ஒன்றை மீறியதாக விளக்கம் தர முடியாது. உறுப்பினர் பேசியது அவைக்குறிப்பில் இடம்பெறாது" என்றார். பத்திரிகைகளும் அதனால் போடவில்லை. நான் ஆயிரம் முறை சொல்லி மற்றவர் பேச்சை நீக்க வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் சொன்ன ஒரே பெரிய உண்மையை நீக்கிவிட்டார்கள்.

சொல்லைத் திரும்பப் பெறலாம். போட்ட ஓட்டைத் திரும்பப் பெற வழியே இல்லை. இன்னும் கேவலம், அந்தத் திருத்தம் தோற்றதில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது. அதையும் உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

குழந்தையைப் பார்க்க வரலாமா? மருமகளிடம் கேட்கத் தைரியம் இல்லை, உங்களிடம் கேட்கிறேன். அவசரத்தில் கிளம்பியதில் விதிப்புத்தகத்தை மேஜையிலேயே வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடக் குறிப்புகள் அதன் ஓரங்களில் இருக்கின்றன. அனுப்பி வைத்தால் நல்லது. தூக்கிப் போட்டிருந்தாலும் கேட்க எனக்கு வாயில்லை.

சம்பந்தியம்மா


ஏப்ரல் 8
வீட்டிலிருந்து

எதிர்வரிசை உறுப்பினர் அவர்களுக்கு,

பாப்பா எழுந்து நடக்கிறாள். மாப்பிள்ளை அடுத்த வாரம் கரை சேர்கிறார். குழந்தையை முந்தாநாள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரண்டு கிலோ முந்நூறு.

மூன்று வாரமாக உங்களுக்குப் பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் அவைக்கு ஒவ்வாத சொற்கள்.  கட்சி என்னை நீக்கியது பெரிதில்லை. உங்கள் கார் என்னைக் கடந்து போயிருக்கிறது, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, சம்பந்தியம்மா அவள் பக்கத்தில் இருக்கிறார் என்ற நிம்மதியில் வந்துகொண்டிருந்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாப்பாவுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. "அத்தை இல்லன்னா நான் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டேன்பா" என்கிறாள். அது அவள் முடிவு. அதில் நான் தலையிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

ஆனால் என்னோடு நேராகப் பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்கிறேன், உங்களுக்கு. இந்தப் பக்கம் எனக்கு. என்னிடம் சொல்ல வேண்டியதைக் குழந்தையைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் குழந்தைக்குப் பதில் சொல்வேன். குறுக்கிட்டுப் பேசினால் அழுகிறாள், குரலை உயர்த்தினால் இன்னும் அதிகமாக அழுகிறாள். என்னை இரண்டு முறை அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டாள், வாக்கெடுப்பு எதுவும் இல்லாமல். எதையும் குறிப்பில் ஏற்றவும் மாட்டாள், நீக்கவும் மாட்டாள். எத்தனை நாள் இப்படி என்று எனக்குத் தெரியாது.

உங்கள் விதிப்புத்தகத்தை அனுப்பவில்லை. தொட்டிலின் ஒரு கால் கட்டையாக இருந்து ஆடிக்கொண்டிருந்தது, அதன் அடியில் வைத்திருக்கிறேன். சரியான கனம். வேண்டுமென்றால் நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போது தொட்டிலை மட்டும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாப்பாவின் அப்பா